ஹோம்ஸுக்கு நான் இட்ட மார்க்கு

சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு பேசும்படத்தைப் பற்றி மிகவும் கடுமையாக எழுதியிருந்தேன். பழைய ஷெர்லக் ஹோம்ஸ் படங்களில் ஒன்றாகிய ‘டெரர் பை நைட்’ என்பது அது. 1946-ஆம் ஆண்டில் வெளியானது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போகும் இரவு ரயிலில் ஒரு பெரிய வைரத்துக்குக் காவலாக ஹோம்ஸ் பிரயாணம் செய்கிறார்; காவலையும் மீறிக் கொலையும் களவும் நடக்கின்றன. கதையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால், “பாதிப் படம் இருட்டிலும் பாதிப் படம் புகையிலும் நடக்கிறது; எல்லோரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிறார்கள்; எடுத்தவர்களுக்கே தங்கள் தொழிலில் சிரத்தை இல்லை” என்று தீர்ப்புக் கூறினேன். வாசகர் ஒருவராவது ஆட்சேபித்து எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

நான் பார்த்தது, பழைய புத்தகக் கடையொன்றில் கிழிந்த சஞ்சிகைகளுக்கு நடுவே கிடந்த மலிவான டி.வி.டி. தட்டு. நாலு படங்களை அதில் திணித்திருந்தார்கள். சென்ற கோடை விடுமுறையில் சிநேகிதர் ஒருவர், அதே படங்களைச் செப்பனிட்டு வெளியிட்ட பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டா வெறுப்பாகத்தான் போட்டேன். என்ன ஆச்சரியம்! ரயிலின் குறுகலான இடைவழி முழுவதும் விளக்கொளி பரவியிருக்கிறது. ஹோம்ஸாக நடிக்கும் பேஸில் ரத்போனுடைய நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. ஒரு சொல் தவறாமல் காதில் விழுகிறது. புகை என்று நான் நினைத்தது, பிரதியின் மேல் படிந்திருந்த அழுக்கு. மழையில் நனைந்து மை கரைந்துபோன விடைத்தாளைத் திருத்தி, “பையனுக்கு ஒன்றும் தெரியாது” என்று சைபர் போட்ட வாத்தியாரின் நிலைமை எனக்கு வந்துவிட்டது. ஆகவே அந்தத் தீர்ப்பை இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படங்களை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் டாக்டர் வாட்ஸனாகவும் நடித்த படங்கள் மொத்தம் 14. முதல் இரண்டும் 1939-இல் டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் கம்பெனியார் எடுத்தவை; கோனன் டாயிலின் கதைகளில் உள்ளபடியே குதிரை வண்டியும் வாயு விளக்குமாகப் பழைய காலத்தில் நடக்கின்றன. பின்பு யூனிவர்ஸல் கம்பெனியார் 1942 முதல் 1946 வரை 12 படங்கள் எடுத்தார்கள். இவற்றில் ஹோம்ஸ் அந்தக் காலத்து நிகழ்கால மனிதராகிவிட்டார். மோட்டாரில் போகிறார், ரேடியோ கேட்கிறார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மிஞ்சினால் ஒன்றேகால் மணி. சிக்கனச் செலவில் மளமளவென்று எடுத்தவைதாம். ஆயினும் 12-இல் 11 படங்களை இயக்கிய ராய் வில்லியம் நீல் என்பவருக்கு நிழலையும் வெளிச்சத்தையும் கையாளும் வித்தை கைவந்திருந்தது. கடைசிப் படம் வெளிவந்த அதே 1946-இல் அவர் காலமானார். தம் பெயருக்கு ஏற்படப்போகும் கதியை அவர் பார்க்கவில்லை.

அந்தக் கதி என்னவென்று சொல்கிறேன். அமெரிக்க தேசத்தில் அக்காலத்துச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை 28 வருஷங்களுக்குத்தான். அதன் பிறகும் வேண்டுமானால் புதுப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த வரிசையில் ‘சீக்ரெட் வெப்பன்’, ‘உமன் இன் க்ரீன்’, ‘டெரர் பை நைட்’, ‘டிரஸ்ட் டு கில்’ ஆகிய நாலு படங்களுக்கு அப்படிப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். உடையவன் இல்லாத மாமரத்தில் ஊரார் எல்லோரும் கல்லெறிவது போல, யார் வேண்டுமானாலும் அந்த நாலையும் பிரதியெடுத்து விற்கலாம் என்றாயிற்று. விற்றார்கள். பிரதியிலிருந்து பிரதி, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி என்று இறங்கி இறங்கிக் கடைசியில் முகங்கள் மாவுருண்டைகளாகவும், இரவுக் காட்சிகள் கரிப்பலகைகளாகவும் ஆகிவிட்டன. சிலர் அவற்றுக்குச் சாயம் ஏற்றி, ‘வண்ணப்படம்’ என்று சொல்லியும் விற்றார்கள். உரிமையாளர் கையிலேயே இருந்த மற்றப் படங்களைவிட இந்த நாலும்தான் அதிகம் பேர் வீட்டுக்குள் நுழைந்தன. ஒரு தலைமுறை ரஸிகர்கள் இந்த நாலைக் கொண்டே வரிசை முழுவதையும் எடை போட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள காலிபோர்னியா சர்வகலாசாலைக்குச் சொந்தமான படச் சேமகத்தார்தாம் யூனிவர்ஸல் படங்களைக் கரையேற்றினார்கள். ராபர்ட் கிட் என்ற நிபுணர் இதற்குத் தலைமை வகித்தார். 1990-க்குப் பின் தொடங்கிய வேலை பல வருஷங்கள் நீடித்தது. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்து, கட்டி தட்டி, முடிவில் பொடியாகிவிடும். எஞ்சியிருந்த பிரதிகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, ஒரு பிரதியில் கெட்டுப்போன பகுதிக்கு இன்னொரு பிரதியில் நல்ல பகுதி இருக்கிறதா என்று ஒப்பிட்டு, சுவடிகளைப் பரிசோதிக்கும் பண்டிதர் பாடபேதம் பார்ப்பது போலப் பார்த்துத் தொகுத்தார்கள். டெலிவிஷன் வியாபாரிகள் மாற்றி ஒட்டியிருந்த முகப்புக்களை எடுத்துவிட்டுப் பழைய முகப்புக்களைத் திரும்பச் சேர்த்தார்கள். இந்தப் புண்ணிய காரியத்துக்குப் பொருளுதவி செய்தவர்களில் ஒருவர் ஹ்யூ ஹெப்னர். அவர் 1953-இல் தொடங்கிய பத்திரிகையின் பெயரைக் குடும்பத்தினர் படிக்கும் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதற்கில்லை. பணம் எந்த வழியில் வந்தாலும் போகிற வழி நல்லதாயிற்று என்று திருப்திப்பட வேண்டியதுதான்.

இவ்வாறு செப்பனிட்ட படங்கள் 2003-ஆம் ஆண்டு முதல் எம்.பி.ஐ. என்ற கம்பெனியாரால் டி.வி.டி. தட்டுக்களாக வந்தன. 2011-இல் 14 படங்களும் ஒரே பெட்டியில் ப்ளூ-ரே தட்டுக்களாக வந்தன. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பாராட்டினார்கள், குறை கூறினார்கள், ஒருவரோடொருவர் வாதாடினார்கள். என்னைப் பொறுத்தவரை படங்களைவிட இந்த வாதங்கள் ஸ்வாரஸ்யத்தில் குறைந்தவையல்ல.

டி.வி.டி.க்கு ஒரு முறை பணம் கொடுத்தவர்களே ப்ளூ-ரேக்கு மறுமுறையும் கொடுக்க வேண்டுமா என்ற முணுமுணுப்பை விட்டுவிடலாம். அது எல்லாக் கடைகளிலும் எல்லாச் சரக்குக்கும் உள்ளது. ஒரு படம் பளிங்கு போல் இருக்க, இன்னொன்றில் கீறலும் மங்கலும் மிச்சமிருப்பானேன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கிடைத்த மூலப் பிரதியின் தரம் அவ்வளவுதான். பாட்டியின் காசுமாலையில் ஒரு காசு தேய்ந்திருந்தால் அதை உருக்கிப் புதுக்காசு வார்ப்பவர் உண்டா?

மூன்றாவதாகச் சொன்னவர்களோடுதான் எனக்கு வழக்கு. படத்தின் மேல் மணல் தூவியது போல் ஏதோ நெளிகிறதே, இவ்வளவு செலவழித்தவர்கள் அதையும் துடைத்திருக்கலாகாதா என்கிறார்கள் இவர்கள். அது மணலுமல்ல, தூசியுமல்ல. படச்சுருளின் மேல் பூசிய வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்களே ஒளி பட்டு உருவமாகின்றன. அந்தத் துகள்கள்தாம் நெளிவது போல் தெரிகின்றன. அவற்றைத் துடைத்தால் ரத்போனின் நெற்றிச் சுருக்கமும் உடன் துடைபட்டுப் போகும். அவர் மெழுகுப் பொம்மையாகி நிற்பார். யந்திரத்தைக் கொண்டு அப்படித் துடைத்த வேறு பழைய படங்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நிமிஷம் கண்ணைப் பறிக்கும். ஐந்தாவது நிமிஷத்தில், நடிப்பவர்களுக்கெல்லாம் ஏதோ நோய் கண்டிருக்கிறது போலும் என்று தோன்றும்.

ஹோம்ஸ் கதைகளைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். முதல் கதையிலேயே, கொலை நடந்த வீட்டு வாசலில் போலீஸார் குறுக்கும் நெடுக்கும் நடந்து தடங்களையெல்லாம் மிதித்துக் கலைத்துவிட்டதைக் கண்டு ஹோம்ஸுக்கு ஆத்திரம் வருகிறது. பிழை செய்தவர்கள் யோக்கியமான உத்தியோகஸ்தர்கள்தாம்; வேலையில் சிரத்தை உள்ளவர்கள்தாம். கண்முன் கிடப்பது சாட்சியம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. பழைய படத்துக்குச் சாயம் ஏற்றுகிறவரும், துகளைத் துடைக்கச் சொல்லுகிறவரும் லெஸ்ட்ரேட் இன்ஸ்பெக்டரின் இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பது என் துணிபு.

‘ஸ்கார்லெட் க்ளா’ என்ற 1944-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். யூனிவர்ஸல் படங்களுக்குள் அதுவே சிறந்தது என்பது ரஸிகர்களில் மிகப் பலருடைய அபிப்பிராயம், எனக்கும் அதுவே. கனடா தேசத்துக் கியுபெக் மாகாணத்தில் ஒரு கிராமம். அதைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தில் மூடுபனி. பனிக்குள் ஓர் உருவம் ஒளிவீசிக்கொண்டு நடமாடுகிறது. கெட்ட பிரதியில் மூடுபனி எது, பிரதியின் குற்றம் எது என்று யாரால் பிரித்தறிய முடியும்? பனி பனியாகவும் இருட்டு இருட்டாகவும் தெரிந்தால்தானே அதற்குள் ஒளிரும் பிசாசைக் கண்டு பயப்படலாம்? பத்து வயதுள்ள என் மகள் அன்று இரவு கொல்லைப்பக்கம் தனியாகப் போக மறுத்துவிட்டாள். மலிவுத் தட்டைப் பார்த்திருந்தால் தூங்கிப் போயிருப்பாள்.

நிற்க. மூலத்தை மூலமாகவே வைத்திருக்க வேண்டும் என்று இவ்வளவு உத்ஸாகமாக வாதாடுகிற எனக்கும் ஒரு சோதனை காத்திருந்தது.

யூனிவர்ஸல் வரிசையின் முதல் மூன்று படங்களும் யுத்தப் பிரசாரப் படங்கள். ஹோம்ஸ் ஜெர்மானிய ஒற்றர்களைப் பிடிக்கிறார். முடிவில் கதையை நிறுத்திவிட்டு, பிரிட்டனின் பெருமையைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்கிறார். ‘வாஷிங்டன்’ படத்தின் முடிவிலோ சர்ச்சிலின் வார்த்தைகளையே எடுத்துச் சொல்லுகிறார். ரஸிகர்களில் ஒரு சாரார், இந்தப் பிரசங்கங்கள் துப்பறியும் கதையில் ஒட்டவில்லை, கதையைக் கெடுக்கின்றன என்று சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய சலிப்பு ரஸனையைப் பற்றியது. என்னுடையது வேறு. வரிசையின் முதற்படமாகிய ‘வாய்ஸ் ஆப் டெரர்’ அமெரிக்காவில் வெளியானது 1942 செப்டம்பரில். அதற்கு ஒரு மாதத்துக்கு முன், ஆகஸ்டு 9-ஆம் தேதி விடியற்காலையில், காந்தியடிகளையும் காங்கிரஸ் தலைவர்களையும் கைது செய்துவிட்டார்கள். மகாத்மா பூனாவில் ஆகா கான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தார்; ஜவாஹர்லாலும் மற்றவர்களும் ஆமத்நகர்க் கோட்டையில் இருந்தார்கள். அந்த நாட்களில்தான் ஹோம்ஸ் திரையில் நின்றுகொண்டு சுதந்திரத்தையும் தர்மத்தையும் பற்றி அழகான இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்! ரத்போனின் குரல் வளத்தை என்ன சொல்ல! ஒவ்வொரு வார்த்தையும் மணி போல ஒலிக்கிறது. செப்பனிட்டதால் இன்னும் தெளிவாக ஒலிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ‘ஸ்பைடர் உமன்’ படத்தில் ஒரு கொடியவளின் வலையில் தாமே போய் விழுவதற்காக ஹோம்ஸ் மாறுவேடம் பூணுகிறார். என்ன வேடம் என்று நினைக்கிறீர்கள்? ரஜ்னி சிங் என்ற இந்தியப் பட்டாள உத்தியோகஸ்தர்! முகத்தில் மை பூசி, தலைப்பாகை சுற்றி, நீண்ட மூக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல் வந்து நிற்கிறார். நம் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்தபின் கொஞ்சம் கசக்கவும் செய்தது. ‘டெரர் பை நைட்’ படத்து வில்லனுக்கு வருவோம். கர்னல் மொரான் என்ற அந்தப் பாத்திரத்தைக் கோனன் டாயில் படைத்தபோது, முன்னாளில் ‘முதலாவது பெங்களூர் பயனியர்ஸ்’ என்னும் பட்டாளத்தில் இருந்தவன் என்று வேலை கொடுத்திருக்கிறார். இந்தியாவில் புலி சுட்டுப் பழகிய கை, லண்டனில் மனிதரைச் சுடுகிறது. நம் பக்கத்து ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான சரக்கு! புதையலானால் ஆக்ராவிலிருந்து வரும், பாம்பானால் இந்தியச் சதுப்பிலிருந்து வரும் என்பது டாயிலின் கதைகளில் ஏறக்குறைய விதி போலவே இருக்கிறது.

இந்தப் பிரசங்கங்களையும் ரஜ்னி சிங்கையும் வெட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற தகப்பனுக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் துகளைத் துடைக்காதே என்று ஊருக்கு உபதேசித்தவன், கசப்பைத் துடை என்று எந்த முகத்தோடு கேட்பது? சர்ச்சிலை அந்தப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் 1943-ஆம் வருஷத்து அமெரிக்க ஜனங்களுக்கு எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதற்குச் சாட்சியம் போய்விடும். என் மூத்த மகன் உயர்தரப் பள்ளியில் படிக்கிறான். பிரசங்கம் முடிந்ததும், “அப்பா, இவர் சொல்லுகிற சுதந்திரத்தில் நாமும் சேர்த்தியா?” என்று கேட்டான். 1942-ஐப் பற்றி நான் வகுப்பில் எத்தனையோ வருஷம் பாடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு பையனும் கேட்டதில்லை. அன்று இரவு படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வெட்டிய பிரதியாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமேது?

வாட்ஸனைப் பற்றிய சண்டையையும் சொல்லிவிடுகிறேன். ரஸிகர்கள் ஓய்வில்லாமல் போடுகிற சண்டை அது. டாயிலின் வாட்ஸன் அசடரல்லர். ஆப்கன் யுத்தத்தில் மைவாந்தில் குண்டடிபட்ட பட்டாள டாக்டர், நிதானமுள்ளவர், கதையை எழுதுகிறவரே அவர்தாம். நைஜல் புரூஸின் வாட்ஸனோ முணுமுணுத்துக்கொண்டும் தடுமாறிக்கொண்டும் வருகிற கிழவர். ‘ஸ்பைடர் உமன்’ படத்தில், பார்க்க வந்த ஒரு பூச்சியியல் பண்டிதரை மாறுவேடம் பூண்ட ஹோம்ஸ் என்று எண்ணி, அவருடைய அசல் தாடியைப் பிடித்து இழுத்துவிடுகிறார்! மூல நூலை மதிக்கிறவர்கள் இதை மன்னிப்பதேயில்லை. நானும் நெடுநாள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். என் மனைவிக்கு டாயிலும் தெரியாது, மைவாந்தும் தெரியாது. “அந்த டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த மூக்கு நீண்ட மனுஷரை ஒரு மணி நேரம் யார் சகித்துக்கொண்டிருப்பார்கள்?” என்று கேட்டுவிட்டுக் காபி போடப் போய்விட்டாள். ரத்போனின் முகம் கத்தி போன்றது. எதிரே ஒரு தலையணை வேண்டியிருக்கிறதென்பது உண்மைதான். அந்தப் படத்தின் முடிவில் பொருட்காட்சியில் ஒரு துப்பாக்கி சுடும் கடை வருகிறது. ஹிட்லர் பொம்மைக்குப் பின்னால் ஹோம்ஸைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அது தெரியாமல் அந்தப் பொம்மையையே குறிவைத்துச் சந்தோஷமாகச் சுடுகிறவர் வாட்ஸன். உள்ளே நெஞ்சு பதறுகிறது. வெளியே சிரிப்பு வருகிறது. டாயிலின் நிதானமான வாட்ஸனைக் கொண்டு அந்தக் காட்சியை எடுத்திருக்க முடியாது.

மார்க்குக்கு வருகிறேன். ‘டெரர் பை நைட்’ படத்துக்கு நூற்றுக்கு அறுபது. அதற்கு மேல் போட மாட்டேன். சிக்கனத்துக்காக எங்கிருந்தோ எடுத்து நடுவில் ஒட்டிய ரயில் காட்சிகள் புதுப்பிரதியில் இன்னும் நன்றாகவே தெரிகின்றன. ‘ஸ்கார்லெட் க்ளா’வுக்கு எண்பது. சிநேகிதர் பெட்டியைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை சொல்லியனுப்பிவிட்டார். 1939-ஆம் வருஷத்துப் படங்கள் இரண்டும் இன்னும் பாக்கியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறேன்.